பிள்ளைக் கூடாரம்

குதிரை ராட்டினத்தில் வெள்ளைக் குதிரைக்குத்தான் எப்போதும் அடிபிடி. எட்டுக் குதிரை இருந்தாலும் எந்தப் பிள்ளையும் முதலில் கை நீட்டுவது அதற்குத்தான். நீங்கள் சின்ன வயதில் எந்தக் குதிரை கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஏமானே. உங்கள் மகன் கேட்டது வெள்ளை. அதற்கு நான் சாட்சி.

மார்த்தாண்டம் ரசலையனின் ராட்டினம் எப்படி இவ்வளவு பெரிய கம்பெனி ஆயிற்று என்பதுதானே உங்கள் கேள்வி. பொருட்காட்சியில் தலையில்லாப் பெண் காட்டுகிற ஜெபசீலன் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து மூக்கைச் சிந்தினானாமே, எங்களிடம் ஏதோ வசியம் இருக்கிறது என்று. வசியமெல்லாம் ஒன்றும் இல்லை. தலையில்லாப் பெண்ணுக்கு அவன் சம்பளம் கொடுக்கவில்லை, அவள் தலையோடு எழுந்து போய்விட்டாள். அது வேறு கதை, பிறகு ஒரு நாள் சொல்கிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இதில் இனயத்து மீன்காரி குளோரியும் அவள் மகள் பிலோமியும் வருவார்கள். அந்தப் பிள்ளை எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும்.

நான் தாணம்மாள். சுசீந்திரத்தில் பிறந்து குழித்துறைக்கு வாக்கப்பட்டவள். எங்கள் வீடு சந்தைக்குப் போகிற வழியில். வாசலில் நின்றால் போதும், யார் எதை வாங்கிக்கொண்டு போகிறார்கள், யார் வெறும் பையோடு தலையைக் குனிந்து போகிறார்கள் என்று தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் பகவதியப்பனுக்குக் காது மந்தம். மாப்பிள்ளை பார்க்கும்போது என் அப்பா யோசித்துத்தான் பார்த்தார் என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டில் கேட்க ஆளில்லை, அதனால் ஊர் கேட்டது. விளவங்கோட்டில் எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எது யார் சாயல், எது யார் சாயலாக இருக்கக்கூடாதோ அவர் சாயல் என்பதுவரை எனக்கு அத்துப்படி. இது ஒரு படிப்பு. இதற்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பதால் மரியாதையும் இல்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான வருஷம், மழைக்காலத்துக்கு ராட்டினத்தைப் போட்டு வைக்க எங்கள் பின்புறத்துக் கொட்டகையை வாடகைக்குக் கேட்டு ரசலையன் வந்தான். எட்டு மரக்குதிரை, ஒரு தொட்டில் ராட்டினம். ஆளைப் பார்த்தால் ராட்டினம் நடத்துகிறவன் மாதிரி இல்லை, அதிலிருந்து இறங்கித் தலை சுற்றி நிற்கிறவன் மாதிரி இருந்தான். எல்லாவற்றையும் விறகுக்கடைக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். எட்டுக் குதிரையும் வெள்ளை.

"எல்லாப் பிள்ளைக்கும் வெள்ளைக் குதிர கிட்டட்டும்ணு நாந்தான் பெயிண்ட் அடிச்சேன் அக்கா," என்றான். "அதுக்குப் பொறவு ஒருத்தனும் ரெண்டாந்தடவ ஏறமாட்டேங்கான்."

"ஏலே, கிட்டியாச்சுண்ணா பின்ன என்னத்துக்கு ஏறணும்? ஏழெண்ணத்துக்குக் கறுப்ப அடி. கிட்டாம போனாத்தாம்ல ஒரு பொருளுக்கு வெல."

அடித்தான். அடுத்த திருவிழாவில் பிள்ளைகள் கறுப்புக் குதிரையில் ஏறி, வெள்ளையைப் பார்த்துக்கொண்டே சுற்றி, இறங்கி மறுபடி வரிசையில் நின்றார்கள். அன்று முதல் அவன் எந்த ஊருக்குப் போனாலும் என்னையும் கூப்பிட்டான். பகவதியப்பனும் தடை சொல்லவில்லை. நான் கேட்டது அவர் காதில் விழுந்ததா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

பிள்ளைகளை ஏற்றுவது லேசு, குடும்பத்தை ஏற்றுவதுதான் பாடு. பிள்ளை ஏறும், தாய் கீழே நின்று பயப்படுவாள், தகப்பன் பீடி பற்றவைக்க அந்தப் பக்கம் திரும்பி நிற்பான். தொட்டில் ராட்டினத்தில் ஒரு தொட்டிலுக்கு நாலு பேர் உட்காரலாம். உட்கார்ந்ததோ ஒரு பிள்ளையும் மூன்று பேர் காற்றும். காற்றுக்கு டிக்கெட் கிழிக்க முடியாது.

வழி காட்டியது குழித்துறை ஆற்றங்கரை வாவுபலிதான். ஆடி அமாவாசைக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். காலையில் ஆற்றில் முங்கி, செத்தவர்களுக்குச் சோற்றை உருட்டிப் பலி போட்டுவிட்டு, அப்படியே ஈரத் தலையோடு பொருட்காட்சிக்குள் நுழைவார்கள். ஒரு வருஷம் அந்தக் கூட்டத்தில் ஒரு தச்சன் மகன் தொலைந்து போனான். முகம் பார்த்து வீடு சொல்ல நான்தான் என்று யாரோ என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். டிக்கெட் மேடையில் உட்கார வைத்து முறுக்கு ஒன்று கொடுத்தேன். ரசலையன் மைக்கில் சொன்னான். தாய் ஓடி வந்தாள், பின்னாலேயே தகப்பன். அந்தத் தகப்பன் மார்த்தாண்டத்தில் இன்னொரு வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுகிறவன், சொந்தப் பெண்சாதி முகத்தை நேராகப் பார்த்து வருஷமாயிற்று. அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு என்னிடம் வந்து, "எல்லாருக்கும் ஒரு டிக்கெட் தாரும் அக்கா" என்றான். மூன்று பேரும் ஒரே தொட்டிலில் ஏறினார்கள். பார்த்துக்கொண்டு நின்ற சனமெல்லாம் தங்கள் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வந்தது. அன்று ராட்டினம் தள்ளுகிற பயல்களுக்குக் கஞ்சி குடிக்க நேரமில்லை.

மறுநாள் ஒரு பிள்ளையும் தொலையவில்லை. ராட்டினம் சும்மா நின்றது.

அதற்கு மறுநாள் ஒரு பிள்ளை தொலைந்தது.

எப்படி என்று கேட்பீர்கள். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன், அவ்வளவுதான். தூக்கவில்லை, வாயைப் பொத்தவில்லை. தெரிந்த முகம், கையில் முறுக்கு, "வா மக்கா, அம்மை அங்க நிக்கா" என்று ஒரு வார்த்தை. அழுகிற பிள்ளையை நான் கூப்பிட்டதே இல்லை.

இதில் கணக்கு நேரம்தான். ஒரு முறுக்கு தின்கிற நேரத்துக்குள் பிள்ளை கிடைத்துவிட்டால் தாய் முதுகில் ஒன்று வைத்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள். மூன்று முறுக்கு என்றால் தகப்பன் உங்கள் ஸ்டேஷனைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருப்பான். இரண்டு முறுக்குதான் பக்குவம். அழுகை வந்திருக்கும், கோபம் வந்திருக்காது. கண்ணீர் காய்வதற்குள் ராட்டினத்தில் ஏற்றிவிட வேண்டும். மேலே போய்த் தொட்டில் ஆடும்போது எல்லாரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். எத்தனையோ குடும்பம் அங்கேதான் கூடியது, ஏமானே. இந்தப் புண்ணியத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

போன வருஷம் உங்கள் மகனையும் ஒருமுறை நான் வைத்திருந்தேன். அழவே இல்லை, நல்ல வளர்ப்பு. உங்கள் வீட்டம்மாதான் பதறிவிட்டார்கள். அன்று நீங்கள் மூவரும் ஏறின தொட்டில் நீலம். இரண்டாம் தடவையும் ஏறினீர்கள். பேனாவைக் கீழே வைக்க வேண்டாம், இன்னும் இருக்கிறது.

விட்ட இடத்துக்கு வருகிறேன். ரசலையன் தொட்டில் ராட்டினத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கூடாரம் போட்டான். முன்னால் ஒரு மேடை. பிள்ளைக் கூடாரம் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. தாயும் பிள்ளையும் சேருவது மேடையில்தான். அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். ஜெபசீலனின் தலையில்லாப் பெண் எங்கே, எங்கள் தாய்மார்கள் எங்கே. மைக்கில் பெயரைச் சொல்லக்கூடாது என்று நான்தான் சொன்னேன். "சிவப்புப் பாவாடை கட்டின பிள்ளை" என்று பொதுவாகச் சொன்னால் பத்துத் தாய்மார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பத்துப் பேருக்குப் பின்னால் பத்துக் குடும்பம்.

தாயை எப்படி அறிவது என்று ரசலையன் கேட்டான். பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், பிள்ளை திரும்பினால் கொடுப்போம் என்று வைத்துப் பார்த்தோம். நடக்கவில்லை. நம் பக்கத்தில் எந்தத் தாய் பேரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுகிறாள். பெற்றவளும் மக்களே, பக்கத்து வீட்டுக்காரியும் மக்களே, சந்தையில் கருவாடு விற்கிறவளும் மக்களே. ஆகவே பிள்ளை யாரிடம் ஓடுகிறதோ அவள்தான் தாய் என்று வைத்தோம். பார்க்கிறவர்களுக்கும் அதுதான் பிடித்தது. பிள்ளை ஓடும்போது ஒரு கை தட்டு எழும், பாருங்கள்.

குளோரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இனயத்திலிருந்து கூடை சுமந்து வருவாள். எனக்கு நல்ல மீனை ஒதுக்கி வைத்துத் தருகிறவள். நான் பேரம் பேசினால், "அக்காக்க வாயிக்கு நெய்மீனே நீந்தி வரும், எனக்க தலையில இந்தக் கூட என்னத்துக்கு?" என்பாள். அலைக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. பிலோமி கடைக்குட்டி, அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம், காலில் வெள்ளிக் காப்பு.

அது ஐம்பத்து நாலாம் வருஷத்து வாவுபலி, கூட்டம் நெரிந்த நாள். நல்லதாக ஒன்று வேண்டும் என்று ரசலையன் சொல்லியிருந்தான். நான் குளோரியை நினைத்தேன். அவள் மேடை ஏறிக் கூவி அழுதால் மைக்கே வேண்டாம். நெருக்கமானவள் என்பதால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். சிவப்புப் பாவாடை கட்டியிருந்த பிலோமி என்னைப் பார்த்ததும் தானே கை நீட்டினாள்.

இரண்டு முறுக்கும் தின்று முடித்தாள். குளோரி வரவில்லை. மற்றத் தாய்மார்கள் முதலில் மைக்கைத் தேடி வருவார்கள். அவள் கடற்கரைக்காரி, அவளுக்கு முதல் பயம் தண்ணீர். கரையோடு ஆறு ஓடுகிற திசையில் கூவிக்கொண்டே போயிருக்கிறாள், மைக் சத்தம் கேட்காத தூரத்துக்கு. இதை நான் எண்ணியிருக்க வேண்டும். தொழிலில் என் பிழை என்றால் அது ஒன்றுதான்.

மேடைக்கு வந்த பெண்கள் பார்த்தார்கள், தங்கள் பிள்ளை இல்லை என்று பெருமூச்சு விட்டுத் திரும்பினார்கள். கடைசியாக ஒருத்தி வந்தாள். நெய்யாற்றின்கரையில் மர டிப்போ வைத்திருக்கிற பொன்னுலிங்கத்தின் பெண்சாதி அன்னக்கிளி. ஒரே மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள். சிவப்புப் பாவாடை கட்டித்தான் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனார்கள் என்று அப்போதே கேள்விப்பட்டிருந்தேன். காலையில்தான் ஆற்றில் முங்கி மகளுக்குச் சோறு போட்டிருக்கிறாள். சாயங்காலம் மைக்கில், சிவப்புப் பாவாடைப் பிள்ளை நிற்கிறது, தாய் வந்து கூட்டிப் போகட்டும் என்று அழைப்பு. வராமல் என்ன செய்வாள்.

அவள் மேடையில் முழங்காலிட்டாள். "மக்களே," என்றாள். பிலோமிக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது. தனக்காக அழுகிறவள் ஒருத்தி எதிரே கையை விரித்துக் கூப்பிடுகிறாள். ஓடினாள்.

கை தட்டு எழுந்தது. அப்படி ஒன்று அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை. ரசலையன் மைக்கில் பாட்டுப் போட்டான். பொன்னுலிங்கம் மேடைக்குக் கீழே நின்று என்னைப் பார்த்தார். அது தன் பிள்ளை இல்லை என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், இது இனயம் குளோரியின் பிள்ளை என்று சொல்ல வேண்டும். தெரிந்திருந்தும் மைக்கில் ஏன் சொல்லவில்லை என்று சனம் கேட்கும். பிறகு கூடாரம் இராது, ராட்டினம் இராது, ரசலையனும் அவனை நம்பியிருக்கிற ஆட்களும் தெருவில் நிற்பார்கள். ஒரு குடும்பத்தைப் பார்ப்பதா, பத்துக் குடும்பத்தைப் பார்ப்பதா. பொன்னுலிங்கம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மேடையிலிருந்து டிக்கெட் எடுக்காமல் போன ஒரே குடும்பம் அதுதான்.

"அக்கா, அந்தத் தாய எனக்கு ஆளு பிடிகிட்டேல்ல. எங்க உள்ளவ?" என்று ரசலையன் கேட்டான்.

"பிள்ள ஓடிச்சுல்லா? பின்ன என்னத்துக்குக் கேக்க?" என்றேன்.

அதற்கப்புறம்தான் குளோரி வந்தாள். புடவை இடுப்புவரை நனைந்திருந்தது.

"அக்கா, எனக்க பிள்ளைய கண்டியளா? செவப்புப் பாவாட. எல்லாவனும் இஞ்ச கேக்கச் சொன்னானுவ."

"செவப்புப் பாவாடப் பிள்ள ஒண்ணு வந்துது. தாய் வந்து கூட்டிட்டுப் போயாச்சு மக்கா," என்றேன். பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். பிறகு ஒரு கேள்விதான் கேட்டேன். "ஆத்துல நல்லா பாத்தியா?"

நான் எப்போதும் யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை, கேட்பதோடு சரி. மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். அன்றும் ஊர் ஆற்றில் இறங்கியது. கழியும் வலையும் போட்டுத் தேடினார்கள். ஆறு யாரையும் மறுத்துப் பேசாது. உங்களுக்கு முன்னால் இருந்த ஏமானும் எழுதிக்கொண்டு போனார். அடுத்த நாட்களில் மார்த்தாண்டத்தில் தமிழா மலையாளமா என்று கலவரம், துப்பாக்கிச் சூடு. ஒரு மீன்காரியின் பிள்ளையைத் தேட போலீசுக்கு ஏது நேரம்.

பிள்ளை நன்றாக இருக்கிறாள். விசாரிக்காமல் இருப்பேனா. இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். சோற்றுக்கு மீன் இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். வைத்தியர் சொன்னார் என்று சொல்லி அந்தச் சைவ வீட்டில் தனிச் சட்டி வாங்கியிருக்கிறார்கள். காலில் இப்போது தங்கக் கொலுசு. பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனால் மக்களே என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. அவர்கள் மட்டும் பொருட்காட்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். கம்பெனிக்கு அது ஒரு நஷ்டம்தான்.

குளோரிக்கு வேறு நாலு பிள்ளைகள் உண்டு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் இப்போதும் எனக்கு நல்ல மீன் ஒதுக்குகிறாள். வாவுபலிக்கு வருஷம் தவறாமல் வருகிறாள். மற்றவர்கள் செத்தவர்களுக்குச் சோறு போடும்போது கரையில் நின்று பார்ப்பாள். தானும் ஏதாவது செய்ய வேண்டுமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. போன மாதம் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"கல்லறைத் திருநாளுக்குப் பிலோமிக்கும் சேத்து ஒரு பூச வைக்கச் சொல்லுகாரு சாமியாரு. செத்தவிய பேரில வாசிக்கது. வைக்கலாமா அக்கா? இருக்கப்பட்ட பிள்ளைக்கு வச்சிட்டா பாவமில்லியா?"

"வை மக்கா. ஒனக்கு மனசு ஆறும்," என்றேன்.

கல்லறைத் திருநாள் வருவது நவம்பர் இரண்டு. அதற்குள் எல்லை பிரிந்துவிடும், முதல் தேதியே நாம் மதராஸ் ராஜ்யம், நெய்யாற்றின்கரை கேரளம். நீங்கள் மாற்றலாகி அந்தப் பக்கமே போவதாகக் கேள்வி, வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது மர டிப்போ வழியாகப் போனால் பிள்ளையையும் பார்க்கலாம். சாயங்காலம் படியில் உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறது என்றால் பூசை முடிந்த பிறகு பாருங்கள். குளோரி மெழுகுதிரிக்கெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள், பாவம்.

கேட்டீர்களே, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று. தாணம்மாளுக்கு வாய் நிற்காது என்று இந்த ஊரே பேசும். இரண்டு வருஷம் என் வீட்டுக்காரரின் காதில்கூட இதைப் போடவில்லை. இனியாவது என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பேசட்டும்.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். வாவுபலிக்கு வந்தால் குளோரி தொட்டில் ராட்டினத்தில் ஏறாமல் போவதில்லை. இரண்டு டிக்கெட் கேட்பாள். பிலோமி ஏற ஆசைப்பட்டாள், அன்று கூட்டத்தில் ஏற்ற முடியவில்லை, அதற்காக. பக்கத்து இடத்தில் வேறு யாரையும் உட்காரவிடாமல் நானே கம்பியை மாட்டிவிடுவேன். அந்த இரண்டாவது டிக்கெட்டுக்கு நான் ஒருநாளும் காசு வாங்கியதில்லை, ஏமானே. பிள்ளை ஏறவில்லையே. அடுத்தவர்களுக்கு உரியதை எடுத்து எனக்குப் பழக்கமில்லை.